எல்லாம் அணைத்த பின்னும் சுற்றிய சக்கரம்

ஜீரோ வாட் பல்பு மின்சாரம் தின்னாது என்பதை நம்பாத ஒருவரையும் அறுபதுகளின் ராயபுரத்தில் நான் பார்த்ததில்லை. கரண்ட் ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நானே நம்பினேன். எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் சிவப்பாக ஒன்று இரவும் பகலும் எரிந்தது. பெயரிலேயே ஜீரோ என்று போட்டிருக்கும்போது சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பது என் அம்மாவின் கட்சி.

எங்கள் தெருவில் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு, எண்கள் மின்னும் எலக்ட்ரானிக் மீட்டர்களை மாட்டியபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. மாட்ட வந்த இளைஞர்கள் இருவரும் நான் வேலை பார்த்த பிரிவைச் சேர்ந்தவர்கள். ஃபேனை மெதுவாக ஓட்டினால் மிச்சம், பகலில் மெயினை அணைத்துவைத்தால் மிச்சம் என்று வீட்டுக்கு வீடு ஜனங்கள் சொல்வதைச் சொல்லிச் சிரித்தார்கள். உங்கள் காலத்திலும் இப்படித்தானா என்று கேட்டார்கள். இப்படித்தான் என்றேன். மறக்க முடியாத கேஸ் ஒன்று சொல்லுங்கள் சார் என்றார்கள். ஒரு மின்திருட்டையோ வெடித்த டிரான்ஸ்பார்மரையோ எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஒரு சுவரைப் பற்றி ஆரம்பித்தேன். அவர்களுக்கு இன்னும் பல வீடுகள் பாக்கியிருந்ததால் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒயர்மேன் படிப்பு, கம்பம் ஏறும் வேலை, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று அரித்த கிளாம்புகளை மாற்றிக்கொண்டே கழிந்த சில வருடங்கள், ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து முறிந்த கால். என் ஆரம்பக் காலம் அவ்வளவுதான். கால் கூடிய பிறகு இனிக் கம்பம் வேண்டாம் என்று மீட்டர் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் கன்னியப்பன்.

அவர் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அண்ணாத்தே என்று கூப்பிடுவோம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எதையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீட்டரின் கண்ணாடிக்குள் படுக்கையாகச் சுற்றும் அலுமினியத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். சக்கரம் என்று ஜனங்கள் சொல்வது அந்தத் தட்டைத்தான். அதன் விளிம்பில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு வருவதும் மறைவதுமாக இருப்பதை அவர் பார்க்கும்போது வீட்டுக்காரர்களின் பேச்சு தானாக அடங்கிவிடும். டாக்டர் நாடி பிடிக்கும்போது யாரும் பேசமாட்டார்கள் அல்லவா, அதுபோல.

ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூவோடுதான் எங்கும் நடப்பார். பூஜை அறை, சமையற்கட்டு என்று யாராவது தடுத்தால் வாதாடமாட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்துக் கீழே போட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறிக்கொள்வார். வேலை முடியும்வரை இறங்கமாட்டார். சுவரையோ இரும்பையோ தொட வேண்டியிருந்தால் புறங்கையால்தான் தொடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கரண்ட்டுக்கு உன் கைய மூடத்தான் தெரியும் சூசை. தொறக்கத் தெரியாது. உள்ளங்கையால தொட்டா புடிச்சிக்கும். பொறங்கைன்னா தள்ளி வுட்டுடும்."

அதுவரை அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். மாதாவின் சிவப்பு பல்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டு, "அது ஜீரோ பல்புப்பா. அதுக்குக் கரண்ட்டே வாணாம்," என்றார். கன்னியப்பன் சிரிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி அம்மாவை மீட்டரிடம் அழைத்துப்போனார். சக்கரம் நின்றுவிட்டது போலத்தான் முதலில் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நகர்ந்துகொண்டிருந்தது. நிழல் நகர்வதுபோல, கண்ணுக்குப் பிடிபடாமல், ஆனால் நிற்காமல். சிவப்புக் கோடு மறுபடி வந்து சேரும்வரை அம்மா அசையாமல் நின்றார்.

"அப்ப இத்தினி நாளா மாதாவுக்கு வெளிச்சம் சும்மா வரலியா?"

"இல்லமா. பதினஞ்சு வாட்டாவது இஸ்துகினு இருக்கும்."

அம்மா அதை அணைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. ஓசி விளக்கு காட்டிக்கினு இருக்கோமேன்னு மனசுல ஒரு உறுத்தல் இருந்திச்சு," என்றார். கன்னியப்பன் என் வீட்டில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

ஃபேன் கதையும் அப்படித்தான். அந்தக் காலத்து ரெகுலேட்டர் இரும்புப் பெட்டிக்குள் கம்பிச்சுருள் வைத்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் ஒருவர், மனைவியும் தாமும் வேர்வையில் ஊறிக்கொண்டு ஃபேனை ஒன்றாம் நம்பரிலேயே வைத்திருந்தார். கன்னியப்பன் அவரை அந்தப் பெட்டிமேல் கை வைக்கச் சொன்னார். வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அடுப்பு மாரி கீதே?"

"காத்தா வராதது அதுல பாதி சூடா போவுது. மிச்சமாவறது கொஞ்சூண்டுதான். மூணுல வச்சினு நல்லா தூங்கு நைனா."

இப்படிச் சின்னச் சின்ன நம்பிக்கைகள். யாரையும் கொல்லாதவை. அவற்றைத் திருத்துவதுகூட எங்கள் வேலையில் சேர்ந்தது இல்லை. ஆனால் டோல்கேட் பக்கத்து வீட்டில் நாங்கள் பார்த்தது வேறு.

எழுபதுகளில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஒரு வருடம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை வலுத்துப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மீட்டர் அதிகமாக ஓடுகிறது என்ற புகாருக்காக நானும் கன்னியப்பனும் போனோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் நீளமான பழைய வீடு. முன்கட்டில் வீட்டுக்காரம்மா, பின்னால் வரிசையாக ஐந்து குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து நடையில் ஒரே மீட்டர். வருவதை எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுவார்கள்.

வீட்டுக்காரம்மா பெயர் ராஜம்மாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் போனபிறகு தனியாக இருந்தவர். சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சாயங்காலம் நன்றாக இருட்டும்வரை விளக்குப் போடமாட்டார். குடித்தனக்காரர்கள் கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர்கள் விளக்கை அணைத்துவைத்துவிடுவார் என்று பின்னால் தெரிந்தது.

"மீட்டர்ல கோளாறு இல்லன்னா அந்தக் கடசி வூட்டு லைட்டுதான்," என்று ஆரம்பித்தார். "ராப்பகலா எரியுது. பகல்ல அல்லாத்தையும் அணைச்சாலும் சக்கரம் சுத்திக்கினே கீது. மெயின அணைச்சா நிக்குது. அப்ப அந்த லைட்டு இல்லாம வேற இன்னா?"

அவர் கணக்கில் பிழை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"எப்பத்திலேர்ந்து?" என்றார் கன்னியப்பன்.

"அவ புள்ள பெத்து வந்ததுலேர்ந்துதான். அதுக்கு மின்னாடி இந்தப் பேஜாரு இல்ல. மத்தியானத்துல நானே மெயின அணைச்சி வச்சிடுறேன். மாசம் முடிஞ்சா காலி பண்ணுன்னு சொல்ட்டேன்."

கன்னியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தார். பகல் வேளை. மற்ற வீடுகளில் எதுவும் ஓடவில்லை. ஒரே ஒரு பல்புக்கு அந்தச் சக்கரம் அப்படி விரட்டக்கூடாது. சிவப்புக் கோடு போனவேகத்தில் திரும்ப வந்தது. அவர், "அந்த லைட்டப் பாக்கலாம்," என்று நடந்தார்.

கடைசிக் குடித்தனம் ஒரே அறை. உள்ளே லூர்து மேரி என்ற இளம்பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் மீன்பிடி விசைப்படகில் போயிருந்தான். அவளுக்கு முன்னால், பஞ்சும் பழைய வேட்டித் துணியும் அடைத்த ஒரு பழப்பெட்டி. அதற்குமேல் உத்தரத்திலிருந்து ஒயரில் அறுபது வாட் பல்பு ஒன்று தாழத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் பாதியை ஒரு துண்டு மூடியிருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்; பிறந்த குழந்தை எப்படி இருக்கும் என்று தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. என் உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலுமாகக் கிடத்திவிடலாம். தோல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது, உள்ளே ஓடும் நரம்புகள் தெரிந்தன. மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மூச்சை நான் அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க," என்றாள் மேரி. "இடமில்லன்னு அனுப்பிட்டாங்க. சூடு கொறையாம பாத்துக்கோ, லைட்டு போட்டு வையின்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதத்தான் போட்டுக்கினு கீறேன். இவங்க மத்தியானத்துல மெயின அணைச்சிட்டா, புள்ளய மேலோட அணைச்சி வச்சிக்கிறேன். எழுந்துக்கவே மாட்டேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. நடப்பதைச் சொன்னாள். வாசலில் நின்ற ராஜம்மாள் வேறு பக்கம் பார்த்தார்.

கன்னியப்பன் முட்டிபோட்டுக் குனிந்து, புறங்கையைத் துணிக்குமேல் பிடித்துச் சூடு பார்த்தார். பிறகு, "கொஞ்ச நேரம் இத்த அணைக்கணும்மா. இல்லன்னா எது சுத்துதுன்னு கண்டுபுடிக்க முடியாது. புள்ளய மார்ல வச்சிக்கோ. நான் சீக்கிரம் முடிச்சிடுறேன்," என்றார்.

மேரி குழந்தையை எடுத்து ரவிக்கைக்குள் மார்போடு வைத்துப் புடவையைச் சுற்றிக்கொண்டாள். பல்பை அணைத்தோம். நான் ஒவ்வொரு குடித்தனமாகப் போய் எல்லா ஸ்விட்சும் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். குடித்தனக்காரர்களும் என் பின்னாலேயே நடைக்கு வந்துவிட்டார்கள்.

வீட்டில் எதுவும் எரியவில்லை. எதுவும் ஓடவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அத்தனை பேரும் பார்த்தார்கள். வேலையில் சேர்ந்து அத்தனை வருடத்தில் கசிவு மின்சாரம் என்று படித்திருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஓர் அமைதியான வீட்டில், எல்லாம் அணைந்த பிறகு, யாருக்கோ எதற்கோ மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதை அப்படிக் கண்ணெதிரே பார்ப்பது வேறு. ராஜம்மாள் மெல்ல, "அந்த லைட்டு அணைச்சாச்சில்ல?" என்றார்.

கன்னியப்பன் மெயினை அணைத்தார். சக்கரம் உடனே நின்றது. "மீட்டர் மேல தப்பு இல்ல," என்றார். மறுபடி போட்டார், சுற்றியது. அந்த வீட்டுக்கு முன்கட்டுக்கு ஒன்று, நடுக்கட்டுக்கு ஒன்று, கடைசிக்கட்டுக்கு ஒன்று என மூன்று லைன். ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு பீங்கான் ஃபியூஸ். முன்கட்டு ஃபியூஸைப் பிடுங்கினார். சக்கரம் சுற்றியது. நடுக்கட்டு. சுற்றியது. கடைசிக்கட்டு ஃபியூஸைப் பிடுங்கினார். அது அப்படியே நின்றுவிட்டது.

"மெக்கர எடு," என்றார்.

மெக்கர் என்பது கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. அதைச் சுற்றினால் உள்ளேயே மின்சாரம் உண்டாகி, ஒயரின் மேலுறை எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதை ஒரு முள் காட்டும். முகப்பின் ஒரு கோடியில் பூஜ்யம். மறுகோடியில் எட்டைப் படுக்கவைத்தது போன்ற முடிவிலிக் குறி. மெயினை அணைத்துவிட்டு முதலில் முன்கட்டு லைனில் மாட்டினோம். நான் சுற்றச் சுற்ற முள் எழுந்து அந்தப் படுத்த எட்டை நோக்கிப் போனது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் என்று நான் நினைத்திருந்த முடிவிலி ஒரு சந்து வீட்டின் நடையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது எனக்கு எப்போதுமே வியப்பு. கடைசிக்கட்டு லைனில் மாட்டினோம். எவ்வளவு சுற்றியும் முள் எழுந்திருக்கவில்லை. பூஜ்யத்தின் மேலேயே படுத்துக்கிடந்தது.

"எங்கேயோ மண்ணோட சேந்துட்சி," என்றார் கன்னியப்பன்.

கடைசிக்கட்டின் வெளிச்சுவர் கொல்லைப் பக்கம். அதை ஒட்டித்தான் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. மழையில் சுண்ணாம்புச் சுவர் முழுதும் ஊறிக் கறுத்திருந்தது. மேரியின் அறைக்குப் போகும் ஒயர், மரச்சட்டத்துக்குள் வைத்து அந்தச் சுவர் நெடுகப் போனது. கன்னியப்பன் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு கையைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் ஈரம். மரச்சட்டத்தை ஒட்டி மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு, சுவர் நீளத்துக்கு, வெளுத்துக் காய்ந்திருந்தது. அத்தனை மழையிலும் அந்தப் பட்டை காய்ந்தே இருந்திருக்கிறது. உள்ளே ரப்பர் உறை இற்றுப்போன ஒயர், ஊறிய மரத்தின் வழியாகச் சுவருக்குள் தன்னை விட்டுக்கொண்டே இருந்தது. சுவர் அதைக் குடித்து வெதுவெதுப்பாகி மண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

பலகையைப் போட்டு ஏறி நின்றார். என்னைப் போய் ஃபியூஸ்களைத் திரும்ப வைத்து மெயினைப் போடச் சொன்னார். போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். குளியலறைச் சுவரில் துணி மாட்டும் இரும்பு ஆணி ஒன்று இருந்தது. டெஸ்டரின் நுனியை அதில் வைத்தார். கைப்பிடிக்குள் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் எழுந்தது. துணி மாட்டும் ஆணியில்.

"இதுல தொட்டா இன்னாச்சும் தெரியுமா உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சுருக்கென்று இருக்கும் என்றாள். இன்னொருத்தி ஆணியில் முள் இருக்கிறது என்று நினைத்தாளாம். ராஜம்மாள் தன் வலது கையைத் தடவிக்கொண்டு, "குளிச்சிட்டு வந்தா இந்தக் கை மரத்துப்போவும். வாதம்னு நெனச்சி எண்ணெ தேச்சிக்கினு கீறேன்," என்றார். சொல்லிவிட்டு அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழ இன்னும் ரெண்டு நாள் பெஞ்சிருந்தா எண்ணெ தேக்க வேண்டி இருந்திருக்காது," என்றார் கன்னியப்பன். மிரட்டுகிற குரலில் இல்லை.

பிறகுதான் ராஜம்மாளுக்கு விளக்கினார். ஸ்விட்சை அணைத்தால் பல்பு மட்டும்தான் அணைகிறது. ஒயரில் மின்சாரம் ஸ்விட்ச் வரைக்கும் வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது, குழாயை மூடினாலும் பைப்பில் தண்ணீர் நிற்பதுபோல. பைப்பு சுவருக்குள் உடைந்திருந்தால் குழாயை மூடி என்ன பயன்? மழை ஆரம்பித்ததும் குழந்தை வந்ததும் ஒரே வாரத்தில் நடந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது குழந்தையின் விளக்கு. தெரியாதது சுவர்.

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு வேறு ஒன்று உறைத்தது. மேரியின் பல்பு அதே கடைசிக்கட்டு லைனில்தான் இருக்கிறது. குழந்தைக்குச் சூடு போனதும், குளியலறை ஆணிக்கு மரணம் போனதும் ஒரே ஒயரில். சட்டப்படி அந்த லைனை அந்த நிமிடமே துண்டிக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் ஒயரில் எங்கள் இலாகா கை வைக்கக்கூடாது. லைசென்ஸ் வாங்கிய ஒப்பந்தக்காரர் வந்து, சுவர் காய்ந்து, புது ஒயர் இழுத்து, நாங்கள் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடி இணைப்பு. ஐப்பசி மழையில் சுவர் எப்போது காய்வது?

கன்னியப்பன் நடைக்கு வந்து கடைசிக்கட்டு ஃபியூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு நொடி தயங்கவில்லை. மேரி தன் அறை வாசலில், மார்பில் குழந்தையோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புடவையை இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

கன்னியப்பன் ராஜம்மாளிடம் திரும்பினார். "கடசிக்கட்டு லைன் செத்துட்சிம்மா. முன்கட்டு லைன் நல்லா கீது. நீங்களே பாத்தீங்க, முள்ளு அந்தாண்ட வரைக்கும் போச்சி."

அதோடு நிறுத்திக்கொண்டார். குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனிதர்களுக்காகவும் அவர் அப்படிக் காத்துநிற்பார் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ராஜம்மாள் மேரியைப் பார்த்தார். பிறகு தன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனார். பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது, பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "இன்னாத்துக்கு அங்கியே நின்னுக்கினு கீற? புள்ளைக்கு ஆறிடப் போவுது. இட்டுனு வா இங்க," என்றார். அதட்டல்தான்.

நான் பழப்பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். கன்னியப்பன் பல்பையும் ஒயரையும் எடுத்துக்கொண்டார். மேரி சுவரோரம் போகாமல் நடையின் நடுவில், குழந்தையின் தலையை ஒரு கையால் மறைத்தபடி மெல்ல நடந்துவந்தாள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தேரும் சப்பரமும் போவதை ராயபுரத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நடையில் அன்று ஜனங்கள் நின்றதுபோல வேறெங்கும் நின்று பார்த்ததில்லை.

கூடத்து உத்தரத்தில் பல்பைக் கட்டினோம். கன்னியப்பன் புறங்கையைத் துணிமேல் வைத்துவைத்துப் பார்த்து, ஒயரை ஏற்றியும் இறக்கியும் உயரம் சரிசெய்தார். குழந்தையைக் கிடத்தியதும் அது கால்களை ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது.

பிறகு ராஜம்மாளை மீட்டரிடம் கூப்பிட்டார். வீடு முழுதும் இப்போது அந்த ஒரே பல்புதான் எரிந்தது. சக்கரம் நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. சிவப்புக் கோடு விளிம்பில் மறைந்து, மறுபக்கம் சுற்றி, திரும்ப வருவதற்காக எல்லோரும் காத்துநின்றோம். வந்தபாடில்லை. கடைசியில் மெல்ல எட்டிப்பார்த்தது. ஓர் உயிர் நிற்பதற்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ராஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரங்களில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை அந்தச் சந்துக்குத் திருப்புவேன். மின்வெட்டு நேரத்தில் ராஜம்மாள் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, பெட்டியில் குழந்தைக்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டிருப்பார். வெந்நீரின் சூட்டைப் புறங்கையால் பார்ப்பார். கரண்ட் வந்ததும் முதலில் அந்தப் பல்பைப் பார்ப்பார். விசைப்படகிலிருந்து திரும்பிய மேரியின் கணவன், முன்கட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தயங்கி நின்றதை ஒருநாள் பார்த்தேன். "உன் புள்ளயப் பாக்க வெத்தல பாக்கு வெக்கணுமா? உள்ள வா," என்று ராஜம்மாள் சத்தம் போட்டார்.

மழை விட்டது. ஒப்பந்தக்காரர் வந்தார். கொல்லைச் சுவரை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே காய்ந்த பக்கமாகப் புது ஒயர் இழுத்தார். மார்கழியில் நானும் கன்னியப்பனும் கடைசிக்கட்டு லைனைச் சோதிக்கப் போனோம். மெக்கரைச் சுற்றினேன். முள் எழுந்து, போய், படுத்த எட்டின் பக்கத்தில் நின்றது. குளியலறை ஆணியில் டெஸ்டர் எரியவில்லை. கன்னியப்பன் ஃபியூஸைப் பொருத்தினார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அந்த ஆணியைப் புறங்கையால் தொட்டுப்பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மேரி தன் அறையைப் பெருக்கித் தயாராக வைத்திருந்தாள். குழந்தைக்குக் கன்னம் வைத்திருந்தது. அழுகைக்குக் குரல் வந்திருந்தது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"அக்கா, இனிமே லைட்டு வாணாம்னு நர்ஸம்மா சொல்ட்டாங்க," என்றாள். "அத்த அணைச்சிடுங்க. நான் புள்ளய இட்டுனு போறேன்."

ராஜம்மாள் ஸ்விட்சுக்குப் போனார். அந்தத் தெருவில் யாரும் அவரைவிட வேகமாக ஒரு விளக்கை அணைத்ததில்லை. கையை வைத்தார். எடுத்துவிட்டார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். குழந்தை வெளிச்சத்தின் கீழே, கைகளை இரு பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"தூங்குது பாரு மேரி. எழுந்துக்கட்டும், அப்பால அணைக்கலாம்," என்றார். பிறகு, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்பதுபோல எங்கள் பக்கம் திரும்பினார்.

"எரியட்டும்மா," என்றார் கன்னியப்பன். "சக்கரம் ரொம்ப மெதுவாத்தான் சுத்தும்."